மூன்று காலி வரிகள்

அவரை இன்வர்டு சார் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். துறைக்கு வருகிற தபாலையெல்லாம் வாங்கி, முத்திரை குத்தி, நம்பர் போட்டு, பெரிய பதிவேட்டில் ஏற்றுவது அவர் வேலை. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. எனக்குத் தெரியும், எழுதப்போவதில்லை. எந்தத் துறை என்றும் சொல்ல மாட்டேன். எனக்குப் பென்ஷன் இன்னும் வந்துகொண்டிருக்கிறது, அதை நானே ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் அங்கே தலாயத். பெங்களூரில் அரசாங்க ஆபீஸ் பியூனுக்கு அப்படி ஒரு பேர். கேட்க ராஜா வீட்டு உத்தியோகம் மாதிரி இருக்கும். செய்வதென்னவோ ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்குக் காகிதம் சுமப்பதுதான். சார் ஏற்றிய தபாலைப் பிரிவு பிரிவாகக் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வருவேன். அவர் மேஜைக்கு இந்தப் பக்கம் பத்து வருடம் நின்றிருக்கிறேன். அந்தப் பத்து வருடத்தில் அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்ததை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

எனக்கு மட்டும் என்றில்லை, யாருக்கும் நிமிர மாட்டார். மேஜை விளிம்புக்கு ஒரு கை வரும், கையில் காகிதம் இருக்கும், வாங்குவார். டெபுடி செக்ரெட்டரி வந்து நின்றாலும் கையைத்தான் பார்ப்பார். பெங்களூர்க் குளிர் விட்டுப்போய் வெயில் காய்கிற ஏப்ரலிலும் ஒரு பழுப்பு ஸ்வெட்டர். வலது கட்டைவிரலில் மை ஊதா நிறத்தில் ஏறி நிரந்தரமாகத் தங்கிவிட்டது. காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, முத்திரைக் கட்டையில் தேதிச் சக்கரத்தை நகத்தால் ஒரு பல் நகர்த்துவார். அந்தக் கட்டையை வேறு யாரும் தொடக்கூடாது. தொட்டால் கோபப்பட மாட்டார், வாங்கித் துடைத்து வைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

மந்திரி ஒருமுறை பத்து நாள் வெளிநாடு போனார். எங்கள் கட்டடத்தில் ஒரு கதவுகூட அதற்காக ஒருமுறை கூடுதலாக அடித்துக்கொள்ளவில்லை. இன்வர்டு சார் மூன்று நாள் ஜுரத்தில் படுத்தார். சட்டசபை நடந்துகொண்டிருந்த சமயம் அது. உறுப்பினர் கேட்ட கேள்விக்குப் பதில் போக வேண்டும், கேள்வி வந்த தபாலைக் காணோம். யாரோ முத்திரை குத்தி, யாரோ வேறு பிரிவுக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். பெரிய அதிகாரியே கீழே இறங்கி வந்து எங்கள் அறையில் சாக்கு மூட்டை மாதிரி கிடந்த தபால் குவியலைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். நான்காம் நாள் சார் வந்து ஒன்றரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் பிரித்து அடுக்கிவிட்டார். "ஆயித்து, எடுத்துட்டுப் போங்க" என்றார். ஆயிற்று என்று அர்த்தம். மூன்று தலைமுறையாக மைசூர் சமஸ்தானத்திலும் பிறகு சர்க்காரிலும் வேலை பார்த்த தமிழ்க் குடும்பம் அவருடையது. தமிழில் பாதி கன்னடம் இருக்கும்.

இப்போது அவருடைய வழக்கத்துக்கு வருகிறேன். அது இல்லாமல் அவர் இல்லை.

தினமும் சாயங்காலம் ஐந்தேகாலுக்கு, கடைசித் தபாலை ஏற்றிய பிறகு, அதற்குக் கீழே மூன்று வரிகளில் நம்பரை மட்டும் எழுதுவார். எதிரே ஒன்றும் எழுத மாட்டார். பிறகு கோடு கிழித்துப் பதிவேட்டை மூடிவிடுவார். மறுநாள் காலை அதற்கடுத்த நம்பரிலிருந்து தொடங்கும். கெடு தாண்டி வருகிற காகிதத்துக்காக அந்த மூன்று வரி. கெடு திங்கட்கிழமை, ஆள் வந்தது புதன்கிழமை என்றால், முத்திரைச் சக்கரத்தை இரண்டு பல் பின்னால் திருப்பிக் குத்தி, திங்கட்கிழமைப் பக்கத்தில் காலியாக இருக்கிற வரியில் எழுதிவிடுவார். எழுதும்போது ஒரே வாக்கியம்தான்: "பர்வாகில்ல, ஜாகா இருக்கு." பரவாயில்லை, இடம் இருக்கிறது.

மாதக் கடைசியில் சூப்பரின்டென்டென்ட் பதிவேட்டைப் பார்வையிடுவார். அன்று ஒரு வரியும் காலியாக இருக்கக் கூடாது. அதற்கும் ஏற்பாடு உண்டு. பொங்கல் வாழ்த்து, சங்கத்து ஆண்டு விழா அழைப்பு, எழுதுபொருள் கிடங்கு அனுப்பும் சுற்றறிக்கை என்று எவனும் தேடி வராத காகிதங்களை இடது பக்க இழுப்பறையில் சேர்த்து வைத்திருப்பார். அதற்கு அவர் வைத்த பெயர் பஞ்சு. மாதக் கடைசியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து மீந்த வரிகளில் பஞ்சு அடைப்பார். அதற்குப் பிறகு எந்தக் கொம்பன் வந்து புரட்டினாலும் பக்கம் சுத்தமாக இருக்கும். ஆபீஸில் சிலர் அவரை நேத்துக்காரர் என்று கேலி செய்வார்கள். அவர்களே மறுநாள் தங்கள் லீவு மனுவை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.

நானும் அந்த வரியில் உள்ளே வந்தவள்தான்.

என் வீட்டுக்காரர் அதே துறையில் ஜீப் டிரைவர். மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். இரண்டும் சின்னக் குழந்தைகள். செத்தவர் வேலை குடும்பத்தில் ஒருவருக்குக் கிடைக்கும், ஆனால் ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும் என்பது எனக்குப் பத்தாம் மாதம்தான் தெரிந்தது. வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்து அலைந்து, கையில் கிடைத்தபோது தொண்ணூற்றொன்று டிசம்பர். வெள்ளிக்கிழமை கெடு முடிகிறது. வியாழன் அன்று காவிரிக் கலவரம் பிடித்துக்கொண்டது. நாங்கள் இருந்தது ஸ்ரீராம்புரம். தமிழர்கள் நெருக்கியடித்து வாழ்கிற இடம். சந்துக்கு வெளியே தலை காட்ட முடியவில்லை. பஸ் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு, மனுவைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை நடந்தே போனேன். வழியில் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தமிழ் வருமே. இன்வர்டு மேஜைக்கு எதிரே போய்த்தான் அழுதேன்.

"சும்னே எதுக்கு அழறீங்க? கெடு என்னிக்கு?" என்று பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். தமிழில் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை சார்."

பக்கத்தைப் புரட்டினார். நகத்தால் சக்கரத்தைத் திருப்பினார். டக்கென்று ஒரு குத்து. கலவரத்துக்கு முந்தின புதன்கிழமைத் தேதி. "பர்வாகில்ல, ஜாகா இருக்கு. ஆயித்து, போங்க."

அடுத்த வருடம் அதே பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் மைசூர்பாகு வாங்கிக்கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "யாருக்கு மதுவே?" என்றார். யாருக்குக் கல்யாணம் என்று கேட்கிறார். வெளியே தெரியக் கூடாதென்று தெரியாத மாதிரி நடிக்கிறார், எவ்வளவு பெரிய மனசு என்று மிச்சப் பெட்டியையும் அவர் பக்கம் தள்ளி வைத்தேன். அன்றைக்கு அவரை நான் சாமி என்றே நினைத்தேன்.

இரண்டு வருடம் அப்படியே நினைத்தேன். என்னைப் போல எத்தனையோ பேர் வந்தார்கள். ஸ்காலர்ஷிப் மனுவோடு ஒரு அப்பா, மாறுதல் கேட்டு ஒரு டீச்சரம்மா. எல்லோருக்கும் இடம் இருந்தது. பிறகு ஒருநாள் மந்திரி ஆபீஸிலிருந்து பி.ஏ. வந்தார். வாசனையெல்லாம் பலமாக அடித்தது. ஒரு காகிதத்தை நீட்டி, போன வாரத் தேதி வேண்டும் என்று கன்னடத்தில் சொன்னார். சார் கையைப் பார்த்தார், காகிதத்தை வாங்கினார். அதே சக்கரம், அதே குத்து. "பர்வாகில்ல, ஜாக இதே." கன்னடத்தில், எனக்குச் சொன்ன அதே வாக்கியம், அதே குரல். ஒரு இம்மி கூடக் குறைய இல்லை.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆளுக்கொரு குரல் இருக்க வேண்டாமா? அன்று மத்தியானம் அவர் சித்ரான்ன டப்பாவைத் திறந்தபோது கேட்டுவிட்டேன்.

"சார், இவங்களுக்குமா?"

"காயிதம் வருது, நம்பர் போடறேன்."

"அது என்ன காயிதம், எதுக்கு நேத்து தேதின்னு கேக்க மாட்டீங்களா?"

"யாருது, எதுக்குன்னு பாக்க ஆரம்பிச்சா கை நடுங்கும்மா. அப்புறம் யாருக்கும் போட முடியாது."

அன்றைக்கு அந்தப் பதில் நியாயமாகத்தான் பட்டது. அப்படிப் பார்த்திருந்தால் எனக்கே போட்டிருக்க மாட்டாரே என்று தபாலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆனால் பி.ஏ. வாசனை அடிக்கடி வரத் தொடங்கியது. சார் அந்தக் காகிதங்களைத் தானே எடுத்துக்கொண்டு மாடி ஏறுவதைப் பார்க்கும்போது, உள்ளே என்ன இருக்கிறதோ, இது யார் வீட்டு அடுப்பை அணைக்கப் போகிறதோ என்று நினைத்துக்கொள்வேன். கேட்கிற துணிச்சல் இல்லை. எனக்கு அதே பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது. அது வெளியே வந்தால் வேலை போகும், இரண்டு குழந்தைகளோடு தெருவில் நிற்க வேண்டும். அவரைக் கண்டால் மரியாதை போய் எப்போது பயம் வந்தது என்று எனக்கே சரியாகத் தெரியாது.

இரண்டாயிரம் தாண்டிய பிறகு, ஆனேக்கலிலிருந்து ஒரு பெண் வந்து எங்கள் வராந்தா பெஞ்சில் உட்காரத் தொடங்கினாள். எங்கள் துறைக்குக் கீழே மாணவிகள் விடுதி ஒன்றில் சமையல் வேலை. தமிழ்க்காரி. விடுதிக்கு வருகிற அரிசி மூட்டைகளை அதிகாரி வேறு எங்கோ ஏற்றி அனுப்புகிறார், பிள்ளைகள் பாதி வயிறாகச் சாப்பிடுகிறார்கள் என்று தபாலில் புகார் எழுதியிருக்கிறாள். அவளைத்தான் சஸ்பெண்ட் செய்தார்கள். ஏனென்றால், அவள் சமையலறையில் திருடுகிறாள் என்று அந்த அதிகாரி எழுதிய புகார், பதிவேட்டின்படி, அவள் புகாருக்கு மூன்று நாள் முன்னாலேயே வந்திருந்தது. மாட்டிக்கொண்ட ஆத்திரத்தில் அவள் பதிலுக்கு எழுதினாள் என்று ஆகிவிட்டது.

"நான்தான்க்கா மொதல்ல எழுதினேன்," என்றாள். "நான் எழுதினது தெரிஞ்சப்புறம்தான் அந்தாளு என்னைக் கூப்ட்டு மெரட்டினான். இன்னா பண்றேன் பாருன்னான். அதுக்கப்பறம் எழுதின லெட்டரு எப்டிக்கா எனக்கு முன்னாடி வரும்?"

எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். உடனே தெரிந்துவிட்டது.

வாரத்துக்கு இரண்டு நாள் வருவாள். காலை பஸ் பிடித்து வந்து, மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்து, யாரும் கூப்பிடாமல் திரும்பிப் போவாள். விசாரணை நடந்துகொண்டிருந்தது. முதலில் எழுதியது அவள்தான் என்று காட்ட அவளிடம் ஒன்றும் இல்லை. என்னிடம் இருந்தது.

தலாயத்திடம் ஒரு நோட்டு இருக்கும். பியூன் புக் என்போம். எந்தத் தபாலை என்றைக்கு யாரிடம் கொடுத்தேன் என்று எழுதி, வாங்கியவரிடம் அதில் கையெழுத்து வாங்க வேண்டும். பின்தேதி போட்ட காகிதத்தைச் சார் ஒருபோதும் என் தட்டில் வைக்க மாட்டார். தானே எடுத்துக்கொண்டு போய்ப் பிரிவில் கொடுத்துவிடுவார், நோட்டில் ஏறாது. அந்த ஒரு நாள் வரை ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அன்று சட்டசபைக் கூட்டத்தொடர், தபால் மலைபோல. அந்த அதிகாரியின் புகாரை ஆறாம் தேதி வரியில் எழுதிவிட்டு, மற்ற காகிதங்களோடு கை மறதியாக என் தட்டில் போட்டுவிட்டார். நான் வழக்கம்போல நம்பரை எழுதி, அன்றைய தேதி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றைக்குத் தேதி பதினான்கு. ஆறாம் தேதித் தபால் எல்லாம் ஏழாம் தேதியே என் நோட்டில் போய்ச் சேர்ந்திருந்தன. அந்த ஒன்று மட்டும் பதினான்காம் தேதி, பிரிவு அதிகாரியின் கையெழுத்தோடு இருந்தது.

ஒரு வாரம் தூங்கவில்லை. சாரிடம் போய்ச் சொல்லலாமா என்று பத்து முறையாவது அந்த மேஜை வரைக்கும் போயிருப்பேன். "சார், ஆனேக்கல் பொம்பளை வந்திருக்கா" என்று தொடங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு அவர், "உங்களுக்கும் போட்டுக் குடுத்தேனே, அதையும் சொல்லிடலாமா?" என்று கேட்டால்? அவர் கேட்கிற குரல்கூட எனக்குக் காதில் விழுந்தது. நானே தயாரித்துக்கொண்ட குரல். அந்தக் குரலுக்குப் பயந்து, ஆபீஸுக்கு வெளியே இருந்த ஜெராக்ஸ் கடையில் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் வயர் கூடையில் போட்டேன்.

"யாரு குடுத்தாங்கன்னு கேட்டா?"

"கீழ கெடந்துச்சுன்னு சொல்லுவேன்க்கா. உம் பேரை என் வாயால சொல்ல மாட்டேன்."

விசாரணை அதிகாரி என் நோட்டை வரவழைத்தார். பிறகு சாரைக் கூப்பிட்டார். அன்று தபால் கொடுக்கிற சாக்கில் நான் அந்த அறை வாசலில்தான் நின்றிருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது.

இப்படி எத்தனை வரி எழுதினீர்கள் என்று கேட்டார்கள். "இது ஒண்ணுதான். என் தப்பு" என்றார். யார் கொண்டுவந்து கொடுத்தது என்றார்கள். "கை வந்தது, வாங்கினேன். முகத்தைப் பாக்கல" என்றார் கன்னடத்தில். உள்ளே யாரோ சிரித்தார்கள். திமிர் என்று எழுதிக்கொண்டார்கள். அது திமிர் இல்லை, நிஜம் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தவள் நான். பதினான்காம் தேதி அந்தக் காகிதத்தை நீட்டியது பி.ஏ.வின் கை. பெயரும் தெரியும். நான் சொல்லவில்லை. எனக்குச் செலவில்லாத உண்மையை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டு, செலவு வைக்கிற உண்மையை முழுங்கிக்கொண்டு நின்றேன்.

பழைய பதிவேடுகளைப் புரட்டினார்கள். எல்லாப் பக்கத்திலும் பஞ்சு கச்சிதமாக அடைத்திருந்தது, ஒன்றும் சிக்கவில்லை. ஆனேக்கல்காரிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அந்த அதிகாரியை வேறு ஊருக்கு மாற்றினார்கள். பி.ஏ. நன்றாக இருந்தார். இன்வர்டு சாருக்குக் கட்டாய ஓய்வு. தானாக ஓய்வு பெற எட்டு மாதம்தான் இருந்தது. பென்ஷனிலும் வெட்டு விழுந்தது. மாலை கிடையாது, டீ பிஸ்கட் கிடையாது. முத்திரைக் கட்டையைத் துடைத்து வைத்துவிட்டு, ஸ்வெட்டரோடு படியிறங்கிப் போனார். கொஞ்ச நாளில் அந்த இடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. நம்பரை அதுவே போடுகிறது, நடுவில் இடம் விடாது.

ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜோகுபாளையத்தில் அவர் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். மாடியில் இரண்டு அறை. அவர் மனைவி கதவைத் திறந்தார். சார் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா உட்கார்ந்து அவரை நான் பார்த்ததே இல்லை. விரலில் மை வெளுத்திருந்தது.

"அந்த நோட்டு ஜெராக்ஸ் நான்தான் குடுத்தேன் சார்" என்றேன். உட்காராமலே சொன்னேன்.

"தெரியும்மா. அந்த நோட்டு வேற யாருகிட்ட இருந்துச்சு?"

அவர் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"அந்தப் பொம்பளைக்கு வேலை வந்துச்சில்ல?"

"வந்துச்சு சார்."

"அது சரிதான். நான் பாத்துப் போட்டிருக்கணும். ஆனா மொதல்ல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நானே மேல போய்ச் சொல்லியிருப்பேன். நானா போய்ச் சொல்றதும், புடிச்சிட்டுப் போய் நிறுத்தறதும் ஒண்ணா?"

அவ்வளவுதான் அவர் கேட்டது. என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"பயந்துட்டேன் சார். என்னோட வரியை நீங்க வெளிய சொல்லிடுவீங்களோன்னு."

"எந்த வரி?"

"தொண்ணூத்தொண்ணு டிசம்பர். என் வீட்டுக்காரர் வேலைக்கு நான் போட்ட மனு. கலவரம் அடங்கி செவ்வாய்க்கிழமை வந்தேன், புதன்கிழமை தேதி போட்டுக் குடுத்தீங்க."

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நடிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே தேடினார்.

"அந்த வாரம் நெறைய பேரு வந்தாங்கம்மா," என்றார். "மூணு ஜாகா எங்கே பத்துச்சு? ஒரே வரியில ரெண்டு ரெண்டா நெருக்கி எழுதினேன். அதுல நீங்களும் ஒருத்தரா?"

ஆமாம் சார் என்றேன். பத்து வருடம் அவர் கையில் என் குடுமி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அந்த நினைப்பிலேயே அவரைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். அந்த வரிக்காரி நான் என்றே அவருக்குத் தெரியாது.